பன்னிரண்டு கிலோமீட்டர் ஒத்திகை

ஏப்ரல் 12, ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கணக்கு வாத்தியார் தன் சைக்கிளையும், அதன் பின்னால் பூட்டிய குழந்தை வண்டியையும் அடுக்குமாடி வாசலில் நிறுத்தினார். பன்னிரண்டு கிலோமீட்டர் ஓட்டியிருந்தார். தூசுக்காக வண்டியின் திரை மூடியிருந்தது. இந்த ஒத்திகையில் ஒன்றரை வயது மகன் அடம்பிடிக்காமல் வந்தால்தான் மலையில் சைக்கிள் விடுமுறை என்பது மனைவியின் நிபந்தனை.

"அழுதானா?" என்றாள் மனைவி.

"மூச்சு காட்டலை. நம்ம பிள்ளைதானான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு."

"மேட்டுல?"

"ஜம்முனு உட்கார்ந்திருந்தான். இறக்கத்துல கைதட்டிச் சிரிச்சான்."

"பிஸ்கட் குடுத்தீங்களா?"

"ரெண்டு. இன்னொண்ணு கேட்டான். லாட்ஜுக்குப் போன் போட்டுடவா?"

"உங்க போன் மாடியில கிடக்கு. முதல்ல திரையைத் திறங்க."

திறந்தார். மகனின் எடைக்கு ஈடாக அவரே ஒரு வாரமாகக் கட்டி ஓட்டிப் பழகிய பதினோரு கிலோ மணல் மூட்டை, பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது.

"அவனைத் தூக்கிட்டுக் கீழே வர்றதுக்குள்ள கிளம்பிட்டீங்க. மேலே தூங்கறான். சத்தம் போடாம வாங்க."

மே முதல் வாரம் அவர்கள் மலைக்குப் பஸ்ஸில் போனார்கள். பையன் வழிநெடுக அழுதான்.