கழுவாத கூடுகள்

பெட்டியின் மேல் நாற்பத்தைந்து என்று தோட்டா அளவு போட்டிருந்தது.

உள்ளே இருந்த மூன்று டைகளும், தோட்டாக் கூட்டை அழுத்துகிற அந்த இரும்பு அச்சுகள், நாற்பத்தைந்து இல்லை. பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்தது. நாற்பத்தைந்தின் வாயில் அவள் சுண்டுவிரல் நுனி போகும். இதில் அதுகூடப் போகாது.

ஆறுச்சாமியும் விரலை வைத்துப் பார்த்தான்.

"அண்ணங்கிட்ட முப்பத்திரண்டு துப்பாக்கி கெடையாதுங்களே அக்கா" என்றான்.

சொன்ன பிறகு அவன் வாய் கொஞ்ச நேரம் திறந்தபடியே இருந்தது.

கணவரின் காரியம் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. ஹூஸ்டன் வீட்டின் கராஜில் அவருடைய சாமான்கள் அப்படியே கிடந்தன. ஆறுச்சாமி அவரோடு துப்பாக்கி கிளப்புக்குப் போய்வந்தவன். எந்த டை எந்தத் துப்பாக்கிக்கு என்று ஜோடி சேர்த்துக் கிளப்புக்கே கொடுத்துவிடலாம் என்று அவனாகத்தான் வந்திருந்தான்.

அவர் தோட்டாவைக் கடையில் வாங்க மாட்டார். சுட்டு முடித்த வெற்றுக் கூடுகளைப் பொறுக்கி வருவார். வெடித்த கூடு சற்று ஊதிப்போயிருக்கும். டைக்குள் விட்டு அழுத்தினால் பழைய அளவுக்கு வரும். அப்புறம் வெடிமருந்து, குண்டு. மறுபடியும் தோட்டா.

கழுவுவது மட்டும் அவள் வேலை.

வினிகரும் சோப்பும் போட்டு அலசி, அரிசி களைகிற சல்லடையில் கொட்டி, வெயிலில் காய வைப்பாள். நகக்கண்ணெல்லாம் கறுப்பு. பெரிய கூடுகளுக்கு நடுவே சின்னதும் ஒரு கைப்பிடி இருக்கும்.

இது யாருது என்று ஒருமுறை கேட்டாள். கீழே கிடந்தது என்றார்.

கீழே கிடந்ததை இத்தனை வருஷமாகக் கழுவியிருக்கிறாள்.

ஆறுச்சாமி டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ரொம்பப் பழசுங்க்கா. நம்பரெல்லாம் தேஞ்சு போச்சு. எங்கியாச்சும் சந்தையில சும்மா வாங்கிப் போட்டிருப்பாரு."

சும்மா வாங்கிப் போட்டதா இல்லையா என்று பார்ப்பது ஒரு நிமிஷத்து வேலை.

சல்லடையில் கடைசி ஈடு அப்படியே இருந்தது. அவர் ஆஸ்பத்திரிக்குப் போன அன்று கொண்டுவந்தது. கழுவவில்லை. அதில் ஒரு சின்னக் கூட்டை எடுத்து டைக்குள் விட்டாள். பாதி போய் இறுகி நின்றது. வெடித்த கூடு தன் டையில் அப்படித்தான் நிற்க வேண்டும். வெளியே இழுத்தாள். விரலில் எண்ணெய்.

புது எண்ணெய்.

அவருடைய மற்ற டைகளெல்லாம் புதுசு. எண்ணெய் கேட்காது. கூட்டை வைத்து அழுத்துகிற இயந்திரத்தின் கைப்பிடியை இழுத்தால் ஆயிற்று. இந்தப் பழைய இரும்பு டை அப்படியில்லை. எண்ணெய் தடவாமல் விட்டால் கூடு உள்ளேயே சிக்கிக்கொள்ளும். ஒவ்வொரு கூட்டையும் கையிலெடுத்து, விரலால் தடவி, அழுத்தி, பிறகு துடைக்க வேண்டும்.

காபி ஆற்றக்கூடப் பொறுமை இல்லாத மனுஷன்.

அவள் தோள்பட்டை பிடித்துக்கொண்டு கையைத் தூக்க முடியாமல் கிடந்தபோது தைலத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போனவர்.



மூன்றாவது டையை வெளிச்சத்தில் பிடித்தாள். டையை எவ்வளவு ஆழம் இறக்க வேண்டும் என்று கண்டபிறகு, அந்த இடம் மாறாமலிருக்க அவர் ஒரு அடையாளம் வைப்பார். மற்ற டைகளில் ஆணியால் கீறிய கோடு. இதில் ஒரு சொட்டு நகப்பாலிஷ்.

மாதுளை நிறம்.

அவள் ஒருநாளும் நகப்பாலிஷ் போட்டதில்லை. கழுவுகிற கைக்கு அது எதற்கு?

ஒருமுறை கிளப்புக்கு நானும் வருகிறேன் என்றாள். சத்தம் உனக்கு ஆகாது என்றார். ஆகாதுதான் என்று அவளும் நம்பினாள். அங்கே சின்னத் துப்பாக்கி ஒன்று, சின்னக் கை ஒன்று, அதற்கு அளந்து, மருந்தைக் குறைத்து மெத்தென்று அடைத்த தோட்டாக்கள். சத்தம்கூடக் குறைவாக இருந்திருக்கும்.

அழுகை வரவில்லை. செத்தவர்மேல் இனி என்ன கோபப்பட்டு என்ன. அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. காரியத்துக்குக் கிளப்பிலிருந்து அத்தனை பேர் வந்து, அவள் கையைப் பிடித்து, அவள் சமையலைப் புகழ்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அவர்களில் யாருக்கெல்லாம் தெரியும்?

அன்று ஆறுச்சாமி இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டான்.

இப்போது அவன் அந்தப் பெட்டியை மட்டும் மூடித் தன் பக்கமாக நகர்த்தினான். "இது எதுக்கும் ஜோடி சேராதுங்க்கா. நான் எங்கியாச்சும் தள்ளி உட்டர்றேன்."

அவள் பெட்டியை வாங்கித் திறந்தாள். டைகளை ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்து அதனதன் குழியில் வைத்தாள். பழக்கம். கை தானாகச் செய்தது.

பிறகு சல்லடையைக் கிளறினாள். பெரிய கூடுகளை ஒதுக்கினாள். சின்னதை மட்டும் பொறுக்கி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டாள். உள்ளங்கை முழுக்கக் கரி.

பெட்டியையும் பையையும் அவன் கையில் கொடுத்தாள்.

"இதை அவங்ககிட்டக் குடுத்துருங்க தம்பி. இன்னும் கழுவலைன்னு சொல்லிருங்க."

ஆறுச்சாமி வாங்கிக்கொண்டான். தலையைக் குனிந்தபடி காருக்கு நடந்தான்.

யாரிடம் என்று கேட்கவில்லை.