ஊற வேண்டிய மீன்

சுவிஸின் எம்மன்புரூக்கே தொழிலாளர் விடுதிக் குசினியில், சுடுதண்ணீர்க் குழாயின்மேல் நான்கு உப்பு மீன்கள் விறைத்துக் காய்ந்து கிடக்கின்றன. கிரேக்கன் ஸ்தெலியோஸ் காலி வாளியைக் காலால் எற்றுகிறான். அது உருண்டு ஈழத்துக் குகநாதனின் முழங்காலில் மோதுகிறது. சுவரில் ஸ்தெலியோஸ் குத்திய நீலமும் வெள்ளையுமான கொடி, மார்ச் வெயிலில் பளீரென்கிறது. இன்று அவன் நாட்டின் விடுதலை நாள். இரண்டு நாள் தண்ணீரில் ஊறி உப்பு இறங்கிய மீனைப் பொரித்து, மத்தியானம் தன் ஆட்களுக்கு வைக்க இருந்தான். ஆரோ தவறிப்போய்க் கருவாட்டைத் தண்ணீரில் போட்டுவிட்டார்களென்று, நேற்று அதை எடுத்துக் காயவைத்தவர் குகநாதன். ஸ்தெலியோஸ் உடைந்த ஜெர்மனில் கத்துகிறான்.

“கள்ளன் எண்டுறான், அண்ணை. விடுதிக்காரனிட்டைச் சொல்லி உங்கடை கட்டிலைப் பறிப்பானாம்,” என்கிறான் அறைத்தோழன் இரவீந்திரன்.

“கருவாட்டை ஊறப்போட்ட மடையனோ என்னைக் கள்ளன் எண்டுறது?”

ஸ்தெலியோஸ் கொடியைக் காட்டுகிறான். பிறகு அதே விரலால் குகநாதனின் நெஞ்சில் குத்துகிறான். இரவீந்திரனின் குரல் இறங்குகிறது.

“உங்களுக்கும் இப்பிடி ஒரு நாள் இருக்கோ எண்டு கேக்கிறான்.”

குகநாதன் குனிந்து வாளியை எடுக்கிறார். குழாயைத் திறக்கிறார். வாளிக்குள் தண்ணீர் இரைகிறது.

“இல்லையெண்டு மட்டும் அவனுக்குச் சொல்லிப்போடாத.”