மிளகளவு நீலம்

ஆம்பூர் ஷூ கம்பெனியின் கழிப்பறைச் சுவரில் மாட்டியிருக்கும் பெட்டியின் பொத்தானை அமுக்கிப் பிடித்திருக்கிறாள் சவுரியம்மாள். குழாய்த் தண்ணீர் அதற்குள் பாய்கிற வேகமே கீழே கேனிலிருக்கும் தரை கழுவும் மருந்தை உறிஞ்சி, கலந்து, பக்கெட்டில் விடுகிறது. கரண்டும் வேண்டாம், கையால் அளந்து கலக்கவும் வேண்டாம். கேனுக்குள் இறங்கும் குழாயில் மிளகளவு நீல பிளாஸ்டிக் டிப் ஒன்று செருகியிருக்கிறது. அதன் ஓட்டை விடுகிற அளவுக்குத்தான் மருந்து ஏறும். ஜன்னல் வெயிலில் பக்கெட்டுத் தண்ணீர் வெளிறிப்போய், வாடையே இல்லாமல் நிறைகிறது. வாசலில் நிற்கும் சூப்பர்வைசர் நவீன்குமாருக்கு அதுதான் பேஜார். "இன்னாம்மா, வாடையே வரல? பத்து மணிக்கு ஷூ வாங்குற பையருங்க வர்றாங்க. மூக்குல ஏறினாதான் சுத்தம்னு நம்புவாங்க. அந்த டிப்ப கழட்டு, மருந்து ஜாஸ்தி வரட்டும்." போன மாதமும் இதையேதான் சொன்னான், அவளும் கழற்றினாள். அந்தத் தண்ணீர் கிழிந்த கிளவுசுக்குள் புகுந்து உரித்த தோல், விரலிடுக்கில் இன்னும் சிவந்து கிடக்கிறது. அவள் நகராததால் அவனே உள்ளே வந்து, கழற்றக் குனிந்து கையை நீட்டுகிறான். அவள் பொத்தானை விட்டு, கேனைக் காலால் சுவரோரம் தள்ளிவிட்டு அதற்கு முன்னால் நிற்கிறாள். இரண்டு கைகளையும் விரித்து அவன் முகத்துக்கு நேரே காட்டுகிறாள். "கழட்டுங்க சார். ஆனா அந்தத் தண்ணில மொத துணிய நீங்க பிழியணும். வெறுங்கையால. அப்புறம் நான் தொடைக்கிறேன்." நீட்டிய கையை நவீன்குமார் மெதுவாகப் பேன்ட் பாக்கெட்டுக்குள் செருகிக்கொள்கிறான்.