முதலாளியே சாப்பிடும் ரொட்டி

"ரொட்டிக்கடைக்காரன் பொண்ணுக்கு ரொட்டி ஆகாதாம்! கேட்டா ஊரே கைகொட்டிச் சிரிக்கும்."

டாக்டரம்மாவின் அறை என்றுகூடப் பார்க்காமல் கடைக்காரர் இரைந்தார்.

எட்டு வயது மகள் அம்மா மடியில் சுருண்டு கிடந்தாள். வயிறு மட்டும் உப்பியிருந்தது. கையும் காலும் குச்சி குச்சியாக இருந்தன. ஆறு மாதமாக வயிற்றுப்போக்கு. 'தின்னத் தின்னத்தான் பழகும்' என்று அப்பா தினமும் இரண்டு துண்டு ரொட்டியைத் திணித்ததில் பாதியாக இளைத்ததுதான் மிச்சம்.

"இது வியாதிங்க," என்றார் டாக்டரம்மா. "கோதுமை உள்ள போனா, இவ உடம்பே இவ குடலை எதிரின்னு நினைச்சு அரிக்குது. இன்னிக்கே நிறுத்தணும். இல்லைன்னா வளர்த்தியே நின்னுடும்."

"எல்லாம் இவ வீட்டுச் சீதனம் டாக்டர்!" கடைக்காரர் மனைவி பக்கம் கையை நீட்டினார். "இவ அக்காவுக்கு தைராய்டு. அண்ணனுக்கு மூஞ்சியெல்லாம் வெள்ளை வெள்ளையாத் திட்டு. நோஞ்சான் வம்சம். கத்திரிக்காயைக்கூட சொத்தை பார்த்து வாங்குறவன் நான், பொண்ணு எடுக்கறப்ப கோட்டை விட்டுட்டேன்."

மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வழக்கம்போல் விழுங்கிக்கொண்டாள்.

டாக்டரம்மா குறுக்கிட்டார். "அதுவும் உடம்பே உடம்பை அரிக்கிற இதே ரகமா இருக்கலாம். ஆனா ரெண்டு பக்கமும் பாக்கணும். இது குடும்பத்துல வர்ற வியாதி. உங்க ரத்தமும் எடுத்துடலாம்."

"எனக்கா? எங்க வம்சம் கல்லைத் தின்னாலும் செரிக்கும்! நம்ம கடை போர்டைப் பார்த்ததில்லையா நீங்க?"

பார்க்காமல் என்ன? 'முதலாளியே சாப்பிடும் ரொட்டி' என்று முழ நீள எழுத்து. தினமும் காலையில் அடுப்பிலிருந்து வரும் முதல் ரொட்டியை வரிசையில் நிற்பவர்கள் முன்னால் பிய்ப்பார். வாய் கொள்ளாமல் ஒரு கடி. கண்ணை மூடி ஒரு தலையாட்டல். உடனே, "அடுப்பைப் பார்க்கணும்" என்று உள்ளே போய்விடுவார். அதற்கப்புறம்தான் வியாபாரமே தொடங்கும். அவருடைய அப்பா காலத்திலிருந்தே இந்தக் கூத்துதான்.

"சொந்தப் பொண்ணே ரொட்டியைத் தொடலைன்னா எவன் வாங்குவான்? ஏய், எழுந்திரு. வீட்டுக்குப் போய் நானே ஊட்டுறேன். அடிச்சுத் திணிச்சா தானா வழிக்கு வரும்."

அவர் மகளின் கையைப் பிடித்து இழுத்தார். குழந்தை அம்மாவின் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

மனைவி பையைத் திறந்தாள். மகளுக்கு ஊட்டச் சொல்லிக் காலையில் அவரே போட்டு அனுப்பிய ரொட்டித் துண்டை எடுத்து நீட்டினாள்.

"இதை டாக்டரம்மா முன்னாடி சாப்பிடுங்க. அப்புறம் நீங்க சொன்னபடி கிளம்பறோம்."

"இவ்வளவுதானா?"

வாய் கொள்ளாமல் கடித்தார். மென்றார். கண்ணை மூடித் தலையாட்டினார்.

கண்ணைத் திறந்தவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். மூலையில் ஒரு குப்பைக்கூடை இருந்தது. அதற்கு முன்னால் மனைவி வந்து நின்றுகொண்டாள்.

"முழுங்குங்க."

அவர் முழுங்கவில்லை.

"பத்து வருஷமா அடுப்பு பக்கத்துக் குப்பையைக் கொட்டுறவ நான். தினமும் அந்த முதல் கடி அதுலதான் கிடக்கு. தின்னா உங்களுக்கும் வயிறு பிரட்டும்னு எனக்குத் தெரியாதா? கடிக்கிறதை மட்டுமா, உள்ள போய் துப்புறதையும் உங்கப்பாகிட்டதான் கத்துக்கிட்டீங்கன்னு அத்தையே எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போய்ச் சேர்ந்தாங்க."

கன்னம் உப்பியபடியே, வாய் திறக்க வழியில்லாமல், கடைக்காரர் டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்துவிட்டார்.