மற்ற ஆள்

கடலுக்குப் போகும் பாதையை மறித்த முட்கம்பி வேலியைப் பிடுங்கியதற்காகத் தவமலரைக் கைது செய்திருந்தார்கள். பெயரும் விலாசமும் பதிந்து, விரலடையாளம் எடுத்து முடித்த சார்ஜன்ட் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"இவ்வளவு வேலியையும் தனியாளாப் பிடுங்கேலாது. கூட வந்தது ஆரெண்டு சொல்லு. இப்பவே பொலிஸ் பிணையில விடுறன்."

"சொல்லாட்டி?"

"நாளைக்குக் கோட்டில நிப்பாட்டுவன். நீதவான் பிணை தராட்டி மறியல்தான், சிறையிலதான் கிடக்கோணும்."

"அப்ப கோட்டிலயே கேக்கிறன், ஐயா. ஆளைக் காட்டிக் குடுத்துத்தான் பிணை எடுக்கோணுமெண்டு எந்தச் சட்டத்திலயும் இல்லை. அந்த வேலியைத் திரும்பப் போட்டா, திரும்பவும் பிடுங்குவன்."

அந்நேரம், வேலியைப் போட்டவரும் முறைப்பாடு கொடுத்தவருமான யோகேஸ்வரன் முதலாளி, மனைவி சாருமதியோடு உள்ளே வந்தார். சார்ஜன்ட் எழுந்து இருவருக்கும் கதிரை போட்டார்.

"மற்ற ஆளைச் சொன்னாளா?" என்று முதலாளி கேட்டார்.

"வாயே திறக்கிறாளில்லை."

தவமலர் சுவரோர வாங்குப் பலகையில் நிலத்தைப் பார்த்தபடி இருந்தாள். சாருமதி கதிரையைத் தாண்டி வந்து, வாங்கில் அவளுக்குப் பக்கத்தில் இருந்தாள்.

"என்ர பேரையும் பதியுங்கோ. அலவாங்குக் கம்பியைப் போட்டு வேலிக் கட்டைகளைக் கிளப்பினது நான்தான். என்ர அப்பாவும் அந்தப் பாதையாலதான் கடலுக்குப் போனவர்."

முதலாளியின் முகம் வெளிறிப்போனது. சார்ஜன்ட் தடுமாறினார்.

"அம்மா, உங்களுக்கு ஆர் பிணை நிக்கிறது?"

சாருமதி புருஷனைப் பார்த்தாள்.

"இவர் ரெண்டு பேருக்கும் கையெழுத்து வைக்கட்டும். இல்லாட்டி ரெண்டு பேரும் மறியலுக்குப் போறம்."