எழுமலைப் பச்சை

உலகத்து அணிகள் முதல் உள்ளூர் அணிகள் வரை, சட்டை நிறங்களுக்குப் பிழையே இல்லாத ஒரே ஆதாரம் தனது இணையதளம்தான் என்று வெங்கடேஷ்பாபு முகப்பிலேயே எழுதியிருந்தார்.

ஒரு மின்னஞ்சல் வந்தது: "எழுமலை கபடி அணிக்கு மஞ்சள்தான். நீங்கள் பச்சை என்று போட்டிருக்கிறீர்கள்."

ஏழு வருடமாக நடத்தும் தளத்தின் மானம் போய்விடுமே! மதுரையில் பஸ் பிடித்து, வியர்த்து விறுவிறுத்து எழுமலை மைதானத்துக்கு ஓடினார்.

ஏழு பேரும் பச்சைச் சட்டையில் ஆடிக்கொண்டிருந்தார்கள். போன உயிர் திரும்பி வந்தது.

"எப்பவும் பச்சைதானே தம்பி?" என்று கேட்டார்.

"எங்கண்ணே! இருபது வருசமா மஞ்சள்தான்," என்றான் கேப்டன் ஒச்சு. "போன மாசம் டோர்னமெண்டுல ஏதோ வெப்சைட்டைப் பார்த்துட்டு, நாங்க போலி டீமுன்னு ஆட விடமாட்டேன்னுட்டாங்க. அம்புட்டுச் சட்டையையும் பச்சைச் சாயத்துல முக்கிட்டோம்."

வெங்கடேஷ்பாபு புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்பினார்.

அன்று மாலை இணையதளத்தில் ஒரு வரி கூடியது: "எழுமலை: பச்சை. நேரில் சென்று சரிபார்க்கப்பட்டது."