கொடிக்கம்பு

"துணி போடுற கம்பைக் காணோமே, எங்கே வெச்சீங்க?"

மொட்டை மாடியில் ஈரப் போர்வையோடு நின்றுகொண்டு மருமகள் கேட்டாள்.

"அது உடைஞ்சு போச்சு. நீதான் பனைமரமாச்சே, குதிச்சுப் போடு" என்றான் கணவன். மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

அவள் குதித்தாள். கை கொடியைத் தொடவில்லை. போர்வை அவள் தலையிலேயே விழுந்தது. குழந்தை கைதட்டிச் சிரித்தது. அவனும் சிரித்தான்.

மாமியாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏண்டா, நீயெல்லாம் மனுஷனா? லிஃப்ட் இருக்கும்போது ரெண்டு கையிலயும் வாளியோட படியேற விடுறே. இப்ப கொடியை வானத்துல கட்டியிருக்கே. நீ எழுந்து போட்டா கை தேஞ்சிடுமா?"

"எனக்கு எட்டாதும்மா."

"எப்படி எட்டும்? அவ தோளுக்குத்தானே இருக்கே!"

தெருவுக்கு அந்தப் பக்கம் பந்து தரையில் மோதும் சத்தம். பெண்கள் கூடைப்பந்துப் பயிற்சி. கல்யாணத்துக்கு முன்னால் மருமகளும் அந்த அணியில்தான் இருந்தாள். கைப்பிடிச் சுவரில் கையூன்றிப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அடுத்த மாசம் ஆள் எடுக்கிறாங்களாமே, போயேம்மா" என்றாள் மாமியார்.

"இந்தக் காலா இனிமே எழும்பப்போகுது, அத்தை? ஒரு போர்வை போட முடியலை."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கண் மட்டும் பந்தை விட்டு வரவில்லை.

கொஞ்ச நாளில் ஒரே குதியில் போர்வை கொடியில் விழுந்தது. "அப்பாடா!" என்று மாமியார்தான் பெருமூச்சு விட்டாள்.

மறுநாள் காலையில் மாடிக்கு வந்த மாமியார் திகைத்துப்போனாள். மகன் ஸ்டூல் மேல் ஏறிக் கொடியை இன்னும் மேலே கட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் அந்த நீள மூங்கில் கம்பு. உடையவே இல்லை.

"படுபாவி! நேத்துதானே எட்டினா, அது பொறுக்கலையா உனக்கு?"

"கத்தாதேம்மா, அவ காதுல விழும். போய் விளையாடுன்னா, அந்த ஆசையெல்லாம் போச்சுங்கறா. பரண்ல கிடக்கிற ஷூவை மட்டும், யாரும் பார்க்காதப்ப எடுத்துத் துடைச்சு துடைச்சு வைக்கிறா. நான் அவளை முதமுதல்ல பார்த்தது தரையிலயாம்மா? அந்தரத்துல!"

"அதுக்குக் கொடியை ஏத்துவியாடா?"

"கம்புல சிவப்பு நூல் கட்டியிருக்கேன் பாரு. அந்தக் கூடையில தொங்குற வலையோட நுனி அவ்வளவு உயரம். போய் அளந்துட்டு வந்தேன். அதைத் தொட்டுட்டான்னா, அப்புறம் நான் சொல்லவே வேண்டாம். அவளே ஓடுவா. இன்னும் ஒரு சாண்தான் இருக்கு."

கீழ்ப்படியில் வாளிச் சத்தம் கேட்டது.

மாமியார் சட்டென்று கம்பை எடுத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்துவிட்டு ஓடிவந்தாள்.

"சீக்கிரம்டா, அவ வர்றதுக்குள்ள இன்னொரு விரக்கடை ஏத்து. ஸ்டூலை நான் பிடிச்சுக்கறேன்!"